பேய்க்கும் ஒரு வழக்கு வேண்டும்

தொலைக்காட்சியில் அரைமணி நேரம் சிரிக்க வைத்தவர்கள் திரைப்படத்தில் இரண்டு மணி நேரம் சிரிக்க வைக்க முனைந்து தோற்பது புதிய செய்தியன்று. 2025 மே 16இல் வெளிவந்த சந்தானத்தின் 'டெவில்ஸ் டபுள் நெக்ஸ்ட் லெவல்' எனக்கும் ஏமாற்றமே அளித்தது. ஆயினும் என்னை எழுதத் தூண்டியது அந்த ஏமாற்றம் அன்று. அப்படத்தின் பேய் முன்வைத்த முறைப்பாடுதான்.

முதலில் அமெரிக்க உதாரணம் ஒன்று. 1950களின் திகில் சித்திரக்கதைகளைத் தழுவி, 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' என்ற தொடர் 1989 முதல் 1996 வரை அங்கு ஒளிபரப்பாயிற்று. அழுகிய பிணம் ஒன்று கதை சொல்லும். விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிய வேதாளத்தை அறிந்த நமக்கு இந்த உத்தி அந்நியமானதன்று. பாவம் செய்தவனைத் தேடி, பாதிக்கப்பட்டவன் கல்லறையிலிருந்து எழுந்து வருவது அக்கதைகள் பலவற்றின் அடிப்படை. அத்தொடரின் பெயரில் 1995இல் வந்த முதற் படம் ஓரளவு வெற்றி கண்டது. 1996இல் இரத்தக் காட்டேரிகளை வைத்து எடுத்த நகைச்சுவைப் படமான 'போர்டெல்லோ ஆஃப் பிளட்' முதற்படத்தின் வசூலில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டவில்லை. நாயகனின் கேலிப் பேச்சு பெருகியது. இறந்தவனின் நியாயம் மறைந்தது.

நம்மவரிடையே இத்தகைய முயற்சி தொலைக்காட்சிக்கு முன்பே நடந்தது. இலங்கை வானொலியில் புகழ்பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் எனப் பாத்திரப் பெயராலேயே நாடு அறிந்த கலைஞர்கள் அதில் நடித்தனர். முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் ஆகியவற்றின் உரசலில் அந்தச் சிரிப்பு பிறந்தது. அது மனிதரைப் பார்த்துச் சிரித்தது. ஆகையால் குரல் முகமானபோதும் அது சிதையவில்லை.

சந்தானம் வந்த பாதை வேறு. 2000களில் விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா', தமிழ்ப் படங்களைப் பகடி செய்த நிகழ்ச்சி. 2002இல் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் ஏ9 வீதி திறந்த காலம் அது. ஓமந்தையைத் தாண்டி வருவோரை விடுதலைப் புலிகளின் சோதனைச்சாவடி புளியங்குளத்தில் எதிர்கொண்டது. வன்னியில் மின்விநியோகம் இல்லை. ஜெனரேற்றர் இயங்கும் வீடு ஒன்றில், எவரோ கொண்டுவந்த குறுந்தட்டில் அந்நிகழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். மூலப்படத்தைப் பாராத சிறுவர்கள் எதற்குச் சிரிப்பதென்று தெரியாமல் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தனர். பகடியின் எல்லை அங்கேயே தெரிந்தது. பிறர் உடலில் இரத்தம் இருக்கும்வரைதான் காட்டேரிக்கு உயிர்.

2016இல் ராம்பாலாவும் சந்தானமும் 'தில்லுக்கு துட்டு' எடுத்தபோது இரத்தத்துக்குக் குறைவிருக்கவில்லை. முனி (2007), காஞ்சனா (2011), அரண்மனை (2014) எனப் பேய்ப்படங்கள் வரிசைகட்டியிருந்தன. போலிப் பேய்களை ஏவிக் கொல்லத் திட்டமிட்ட மாளிகையில் உண்மைப் பேயும் இருப்பதாக அமைந்த கதை நன்றாகவே எடுபட்டது. 2019இல் இரண்டாம் பாகம் வந்தது. 2023இல் எஸ். பிரேம் ஆனந்த் இயக்கிய 'டிடி ரிட்டர்ன்ஸ்' மக்களைச் சிரிக்க வைத்தது. சட்டப்படி இவை தொலைக்காட்சித் தொடரின் பாகங்கள் அல்ல. குணத்தால் அதன் பிள்ளைகள்.

அதே இயக்குநரின் 2025 படத்தில் பேய் ஒரு திரைப்பட இயக்குநர், செல்வராகவன் நடித்திருக்கிறார். தன் படங்களைக் கடுமையாக விமர்சித்தவர்களைப் பழிவாங்குவதே அப்பேயின் நோக்கம். விமர்சகனான நாயகனும் அவன் குடும்பமும் ஒரு படத்துக்குள்ளேயே சிக்குகின்றனர். கௌதம் வாசுதேவ் மேனன் தாமே இயக்கிய காவல்துறைப் படங்களைத் தாமே பகடி செய்கிறார். கற்பனை சுவையானதுதான். ஆனால் சினிமாவைக் கேலி செய்து பிறந்த கலை, இறுதியில் சினிமாக்காரரின் மனத்தாங்கலையே பேயின் துயராக்கிவிட்டது. காட்டேரி தன் இரத்தத்தையே குடிக்கத் தொடங்கிற்று.

தமிழ்ப் பேய் பெரும்பாலும் ஒரு வழக்காளி. காஞ்சனாவை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனை கட்ட வைத்திருந்த நிலத்தைப் பறித்துக்கொண்டு, அந்தத் திருநங்கையைக் கொன்றனர். நீதிமன்றம் தராததைக் கேட்கவே அவள் திரும்பினாள். அதனால்தான் அத்தனை கூத்துக்கும் நடுவில் கொட்டகை அவளுக்காகக் கண்கலங்கியது.

புளியங்குளத்திலிருந்து இதை எழுதுபவனுக்கு இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியவில்லை. 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை இவ்வூரின் வாசலில் மாதக்கணக்கில் முட்டி நின்றது. நெடுங்கேணிக்குப் பிரியும் சந்தியில் முழுதாக நின்ற கட்டடங்கள் அருகின. அதற்கு முன்னர் புளியமரத்து முனி பற்றிக் கதை சொன்ன கிழவிகள் இருந்தனர். மீண்டு வந்த பின்னர் அக்கதைகளை நான் அதிகம் கேட்டதில்லை. பேயாக வேண்டுமென்றால் முதலில் இறக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, தம் பிள்ளைகள் இறந்துவிட்டதாக ஏற்க மறுத்தனர். அவர்களுடைய வழக்கைப் பேசுவதற்கு ஒரு பேய்கூட இல்லை.

சந்தானத்தின் படம் வெளிவந்தது முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கும் வாரத்தில். அதற்காக அதைக் குறைகூறுவது நியாயமாகாது. சென்னைக்கு அதன் நாட்காட்டி. துயரப்பட்ட ஊருக்குச் சிரிப்பு வேண்டாம் என்பதும் என் கட்சியன்று. ஜெனரேற்றர் வெளிச்சத்தில் வயிறு குலுங்கச் சிரித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றே: செத்தவனைத் திரையில் எழுப்பினால், அவன் எதற்காக எழுந்தான் என்று சொல்லிவிட்டுப் பிறகு சிரிக்க வையுங்கள்.