அத்திப்பழம், மர்சாலா, ஒரு தகர டப்பா

போன எபிசோட்ல உப்பு பத்திப் பேசினோம், இந்த வாரம் இனிப்பு.

மூணு வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா மிலான்ல மூணு மாசம் இருந்தேன். டிசம்பர்ல ரிலீஸ் முடிஞ்ச அன்னிக்கு, பக்கத்து சீட்காரன் ஒரு தகர டப்பாவைத் திறந்து நீட்டினான். சிசிலித் தீவோட மேற்கு முனையில இருக்கிற த்ராபானி அவன் ஊர். டப்பா நிறைய குட்டிக் குட்டி பிஸ்கட். கடிச்சா உள்ளே கறுப்பா, பிசுபிசுன்னு அத்திப்பழம், பாதாம், ஆரஞ்சுத் தோல், பட்டை. இதுக்குப் பேர் குச்சிதாத்தி. சிசிலியில் கிறிஸ்துமஸ் வந்தால் இது இல்லாத வீடு கம்மி.

நான் சும்மா இருக்காம போன்ல ரெசிபி தேடிட்டு, "இதுல மர்சாலா ஒயின் ஊத்துவாங்கதானே?"ன்னு கேட்டுட்டேன். அவன் முகம் மாறிடுச்சு. "எங்க அம்மா ஊத்த மாட்டாங்க. அது இங்கிலீஷ்காரன் ஒயின்"னான். மர்சாலா ஊர் அவன் வீட்டிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான்! பக்கத்து ஊர் சரக்கை இவன் ஏன் வெளிநாட்டுச் சரக்குங்கிறான்? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்த ஊர்ப் பேர். 9-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அரபிகள் சிசிலியைப் பிடித்தார்கள். 'மர்ஸா' என்றால் அரபியில் துறைமுகம். அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டதால்தான் அது மர்சாலா. உலகமே ஒயினை வெச்சு அடையாளம் காணுற ஒரு ஊருக்கு அரபிப் பேர் இருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

1773. லிவர்பூல் வியாபாரி ஜான் உட்ஹவுஸ் மர்சாலாவில் இறங்குகிறார். புயலுக்கு ஒதுங்கினார்னு ஒரு கதை உண்டு, வியாபாரிங்க கதையில புயல் இல்லாம இருக்குமா என்ன? அந்த ஊர் மக்கள் பீப்பாயில் பல வருஷம் வைத்திருந்த ஒயினைக் குடித்துப் பார்க்கிறார். பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தால், அந்த இடத்தைப் புது ஒயின் ஊற்றி நிரப்புவார்கள். பீப்பாய் காலியே ஆகாது, பழசும் புதுசும் கலந்தே கிடக்கும். நம்ம வீட்டுல உறை மோர் தீராம ஓடிட்டே இருக்குமே, அந்த மாதிரி. ருசி அவருக்கு ஸ்பெயினின் ஷெர்ரியையும் போர்ச்சுகலின் மதீராவையும் ஞாபகப்படுத்துகிறது. இங்கிலாந்தில் அந்த இரண்டுக்கும் ஏற்கெனவே நல்ல மார்க்கெட். சில டஜன் பெரிய பீப்பாய்களை ஊருக்கு அனுப்புகிறார். அனுப்பும் முன், ஒயினைக் காய்ச்சி வடித்த சாராயத்தைக் கொஞ்சம் சேர்க்கிறார்.

ஏன் சேர்க்கணும்? சாதாரண ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதம் இருக்கும். கப்பலில் வாரக்கணக்கில் வெயில், குலுக்கல். ஈஸ்ட் மறுபடி முழிச்சுக்கும், இல்லைன்னா பாக்டீரியா புகுந்து வினிகர் ஆக்கிடும். 17, 18 சதவீதத்துக்கு ஏத்திட்டா ரெண்டுமே அடங்கிடும். எங்க பாஷையில சொன்னா இது ஒரு வொர்க்அரவுண்ட். ப்ராடக்ட்டை அழகாக்கணும்னு யாரும் பண்ணலை, டெலிவரி ஆகுற வரைக்கும் உடையாம இருக்கணும், அவ்வளவுதான். ஆனா யூசருக்கு அந்த ருசியே பிடிச்சுப்போனதால, அதுவே ஃபீச்சர் ஆயிடுச்சு.

1800-இல் நெல்சன், ஆமாம், அந்தக் கடற்படை நெல்சன்தான், மத்தியதரைக் கடலில் இருந்த தன் கப்பல்களுக்கு உட்ஹவுஸிடம் 500 பெரிய பீப்பாய் மர்சாலா ஆர்டர் செய்தார். ஒரு ஸ்டார்ட்அப்புக்கு அரசாங்க கான்ட்ராக்ட் கிடைச்ச மாதிரி. பின்னாடியே பெஞ்சமின் இங்கம்னு இன்னொரு ஆங்கிலேயர் வந்தார். 1833-இல் வின்சென்ஸோ ஃப்ளோரியோ இந்த ரெண்டு பேர் இடத்துக்கும் நடுவுலயே நிலம் வாங்கி இறங்கினார். இத்தாலியர் ஒருத்தர் இந்தத் தொழிலில் பெரிசா நுழைய அறுபது வருஷம் ஆகியிருக்கு. திராட்சை சிசிலியோடது, வெயில் சிசிலியோடது, கூலி வேலை செஞ்ச கையும் சிசிலியோடது. பீப்பாய் மேல இருந்த பேர் மட்டும் வேற. டீம்காரன் கோபம் இப்பதான் எனக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பிச்சுது.

(சின்ன கிளைக்கதை: 1860 மே 11 அன்று கரிபால்டி சுமார் ஆயிரம் பேரோடு மர்சாலாவில்தான் கரை இறங்கினார். துறைமுகத்தில் ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல், கரையில் பிரிட்டிஷ்காரர்களின் ஒயின் கிடங்குகள். அதுமேல குண்டு பட்டா வம்புன்னு நேப்பிள்ஸ் கடற்படை தயங்கியது. அந்தத் தயக்கத்துல படை பத்திரமா இறங்கிடுச்சு. ஒன்றுபட்ட இத்தாலிக்கு ஒயின் கிடங்கும் ஒரு கை கொடுத்திருக்கு.)

சரி, டப்பாவுக்கு வருவோம். குச்சிதாத்தியின் பெரிய வடிவம் ஒரு வளையம், அதற்குப் பேர் புச்செல்லாத்தோ. 'புக்கெல்லாத்தும்' என்ற லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. அது என்ன தெரியுமா? ரோமானியப் படைவீரர்கள் மூட்டையில் தூக்கிப்போன, கெட்டுப்போகாத காய்ந்த ரொட்டி. உள்ளே இருக்கும் அத்தி, கோடையில் பழுத்து வெயிலில் உலர்ந்தது. நம்ம ஊர் ஆத்தோர அத்தி வேற இனம், இது கடையில் மாலையாகக் கோத்துத் தொங்கும் சீமை அத்தி. சிப்பாய் ரொட்டியின் பேர், கோடையில் உலர்த்திச் சேமித்த பழம், கப்பலுக்குக் கெட்டிப்படுத்தின ஒயின். இந்தப் பண்டிகைப் பலகாரத்தில் இருக்கிற எல்லாமே ஒருகாலத்தில் 'கெட்டுப்போகக் கூடாது'ங்கிற பயத்தில் பிறந்தது.

அப்போ மர்சாலாவுக்கு முன்னாடி அத்தியை எதில் ஊறவெச்சாங்க? வினோ கோத்தோவில். புளிக்காத திராட்சைச் சாறை அடுப்பில் வைத்து, பாகு மாதிரி ஆகிற வரைக்கும் சுண்டக் காய்ச்சுவது. ரோமானியர் காலத்திலிருந்தே இருக்கு. டீம்காரன் அம்மா இன்னிக்கும் ஊத்துறது அதைத்தான். அதனால ரெசிபி விஷயத்தில் அவன் சொன்னது சரி.

இனிப்பு வகைகள்ல புகுந்தது மர்சாலாவுக்கு நல்லதா கெட்டதான்னா, என் அபிப்ராயம், ரெண்டும்தான். முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மர்சாலா சேர்த்து நுரைக்க அடிக்கும் ஸபாலியோனே அதை உலகமெங்கும் கொண்டுபோனது. ஆனால் அதனாலேயே அது 'சமையல் ஒயின்' ஆனது. 20-ஆம் நூற்றாண்டில் முட்டை கலந்த மர்சாலா, காபி மர்சாலா, பாதாம் மர்சாலான்னு விற்றார்கள். 1984-இல் வந்த சட்டம்தான், இந்த மாதிரி சுவையூட்டியதற்கெல்லாம் மர்சாலா பேரே வைக்கக்கூடாது என்றது. அதற்குள் பேர் கெட்டாச்சு. மார்கோ தெ பர்தோலி என்பவர் 1980-லேயே பழைய முறைக்குத் திரும்பி, சாராயமே சேர்க்காமல் ஒயின் செய்தார். அருமையான ஒயின்னு பேர் வாங்கியது. ஆனால் சாராயம் சேர்க்காததால் சட்டப்படி அது மர்சாலா இல்லை! உட்ஹவுஸ் வருவதற்கு முன் அந்த ஊர் குடித்ததற்கு அந்த ஊர்ப் பேர் கிடையாது. இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

ஒரு பிராக்டிகல் விஷயம். 'கொதிக்க வெச்சா ஆல்கஹால் போயிடும்'னு நிறைய பேர் நம்புறாங்க. முழுசாப் போகாது. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி, கலந்து 15 நிமிஷம் கொதித்தபிறகும் சுமார் 40 சதவீதம் மிச்சம் இருக்கும், ரெண்டரை மணி நேரம் ஆனாலும் 5 சதவீதம். மதத்துக்காகவோ மருந்துக்காகவோ தவிர்க்கிறவங்க வீட்டுக்கு வந்தா, இதைச் சொல்லாம பரிமாறாதீங்க.

நான் வீட்டுல பண்ணினப்போ வினோ கோத்தோ வழிதான். ஒரு லிட்டர் பன்னீர் திராட்சைச் சாறு, சிம்ல வெச்சு கால் பங்கா சுண்டினது. முதல் தடவை ஸ்டாண்ட்அப் காலில் மாட்டிக்கிட்டு அடி பிடிச்சு, பாத்திரமே போச்சு. அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க. ரெண்டாவது தடவை சரியா வந்துச்சு. நறுக்கின உலர் அத்தி, ஆரஞ்சுத் தோல், ரெண்டு கிராம்பு போட்டு ராத்திரி முழுக்க ஊறவெச்சேன்.

போட்டோ எடுத்து டீம்காரனுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு தகவலும்: 'ஆம்ப்ரா' வகை மர்சாலாவோட நிறத்துக்கு அவங்க கலக்கிறதே சுண்டக் காய்ச்சின திராட்சைச் சாறுதான், அதாவது உங்க அம்மா ஊத்துற அதே சமாச்சாரம். ரொம்ப நேரம் டைப்பிங்னு காட்டிட்டே இருந்துச்சு. கடைசில வந்த பதில்: "அம்மாகிட்ட சொல்லிடாதே."