கோளும் கருதுகோளும்: காவலூர்ப் பதிவு தரும் வரலாற்றுப் பாடம்

சங்க இலக்கியம் வானொளிகளை நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பகுத்துரைக்கிறது. அது கண்ணால் கண்டறிந்த மரபு. 1781இல் வில்லியம் எர்செல் யுரேனசைக் கண்டதும் தொலைநோக்கியின் துணைகொண்டு கண்ணால் கண்டதேயாகும். 1846இல் இந்நிலை மாறியது. யுரேனசின் பாதையில் காணப்பட்ட பிறழ்ச்சியைக் கொண்டு லெவெரியே கணித்துக் கூறிய இடத்தருகே, பெர்லினில் கல்லே நெப்டியூனைக் கண்டார். அதுமுதல் புறக்கோள் தேடல், விளைவைக் கொண்டு காரணத்தை உய்த்துணரும் முயற்சியாயிற்று. இவ்வாய்வுமுறையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டும் சான்று ஒன்று தமிழகத்திலும் உண்டு. அதனை இங்கு நோக்குவோம்.

1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் எனக் கணிக்கப்பட்டிருந்தது. சவ்வாது மலையிலுள்ள காவலூரில், 102 செ.மீ. தொலைநோக்கியின்வழி ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளியளவைப் பதிந்தனர். கோளின் வட்டுக்கு அப்பால் விண்மீன் விலகியிருந்தபோதே அதன் ஒளி சில நொடிகள் மங்கியது. இதனை யுரேனசின் புதிய துணைக்கோள் என அவர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினர். அவ்விதழின் அதே தொகுதியில், வானூர்தியிலிருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியட் குழுவினர், கோளின் இருபுறமும் ஒளி மங்கியதைச் சுட்டி, அவை வளையங்கள் என நிறுவினர். அவ்வாண்டிலேயே பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவை மீள ஆராய்ந்து, வளையத் தொகுதி பற்றி அதே இதழில் எழுதினர். பதிவு மாறவில்லை, அதற்குத் தந்த விளக்கமே மாறியது.

கோள் தேடலின் வரலாறும் இத்தகையதே. நெப்டியூனுக்கு அப்பால் பெருங்கோளைத் தேடியதன் பயனாக 1930இல் கிடைத்த புளூட்டோ, எதிர்பார்த்த பிறழ்ச்சியை விளைவிக்க இயலாத சிறுபொருள். வாயேஜர் 2 விண்கலம் 1989இல் அளந்த நெப்டியூனின் நிறையைக் கொண்டு 1993இல் மீளக் கணித்தபோது, அப்பிறழ்ச்சியே மறைந்தது. 2016இல் பத்திகினும் பிரௌனும் தொலைதூரப் பனிப்பொருள்களின் பாதைகள் ஒருபுறம் திரண்டிருப்பதைக் காட்டி, ஒன்பதாம் கோள் ஒன்றை முன்மொழிந்தனர். அத்திரட்சி நோக்கீட்டுக் குறைபாட்டின் விளைவே என்பாரும் உளர். அக்கோள் இன்றுவரை காணப்படவில்லை.

2006இல் கோள்களின் எண்ணிக்கை ஒன்பதிலிருந்து எட்டாயிற்று. ரந்தாவ் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் மாணவர் இவ்வெண்ணை மட்டும் மனனம் செய்தால், அடுத்த மாற்றம் அவர்க்குக் குழப்பமாகவே முடியும். காவலூர் நிகழ்வைத் தமிழிலேயே எடுத்துரைப்பின், சான்று வேறு, விளக்கம் வேறு என்பது தெளிவாகும். கோள், கருதுகோள் ஆகிய இரண்டிற்கும் 'கொள்' என்பதே வேர். இன்றைய ஒன்பதாம் கோளைக் கருதுகோள் என்றே கற்பித்தல் தகும் என்பது நம் துணிபு.