அஞ்சலட்டையில் ஓர் அரண்மனை

பொட்டிப்புரத்து வீட்டின் பரணை அண்மையில் ஒழுங்குபடுத்தியபோது, அப்பா வாங்கிய சோவியத் நூலொன்றினுள் வண்ண அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மிகக் குறைந்த விலைக்கு வாங்க முடிந்த காலத்தின் மிச்சம் அது. நீலமும் வெள்ளையுமாய் நீண்டு கிடக்கும் அரண்மனை. அதன் ஒரு கோடியில் ஐந்து பொற்குவிமாடங்களுடன் ஒரு தேவாலயம்.

பீட்டர்ஸ்பர்க்குக்குத் தெற்கே புஷ்கின் நகரிலுள்ள கேத்தரின் அரண்மனைதான் அது. பேரரசி எலிசபெத்துக்காகக் கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி 1756இல் இதனை முடித்தார். 1941இல் நகரைக் கைப்பற்றிய ஜெர்மானியப் படையினர், இங்கிருந்த புகழ்பெற்ற அம்பர் அறையைப் பெயர்த்துக் கோனிக்ஸ்பெர்க்குக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அது கிடைக்கவேயில்லை. 1944இல் நகர் மீண்டபோது அரண்மனை எரிந்து சிதைந்திருந்தது.

அந்தச் சிதைவின் சுவடு எதுவும் அட்டையில் இல்லை. வெளித்தோற்றத்தைச் சோவியத் காலத்திலேயே சீரமைத்துவிட்டார்கள். புதிதாய் உருவாக்கிய அம்பர் அறை 2003இல்தான் திறக்கப்பட்டது; தேவாலயத்தின் உட்பகுதியோ 2019 வரை காத்திருந்தது. அப்பா கண்டு வியந்திருக்கக்கூடிய பொற்குவிமாடங்களின் கீழே அன்று இருந்தது மீளாத ஓர் உள்ளிடம்.

இதை எண்ணும்போது மதுரை நினைவுக்கு வருகிறது. திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய மகாலின் அஞ்சலட்டைகளும் முழுமையான அரண்மனை ஒன்றையே காட்டுகின்றன. உண்மையில் நாம் காண்பது அதன் ஒரு பகுதியை மட்டுமே. பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துச் சென்றவை பல என்பர். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். இழந்ததை யாரும் மீட்கவில்லை.

பகைவன் அழித்ததை ஒரு நாடு முக்கால் நூற்றாண்டு நினைவில் வைத்திருந்து கட்டி முடிக்கிறது. பேரனே பெயர்த்ததற்கு யார்மேல் சினம் கொள்வது? சினமில்லாத இழப்பை ஊர் எளிதில் மறந்துவிடுகிறது.

தீபாவளிக்குத் துணியெடுக்கத் தேனிப் பக்கத்திலிருந்து மதுரைக்குச் செல்வோர் பலர். விளக்குத்தூண் அருகே, பத்துத்தூண் சந்தின் ஜவுளிக்கடைகளுக்கிடையே உயர்ந்து நிற்கும் அந்தக் கல்தூண்கள் நாயக்கர் அரண்மனையின் எச்சங்களே. சிறுவயதில் அப்பாவின் கைபிடித்து அவற்றைப் பலமுறை கடந்திருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.