சுவரும் ஓலையும்

ஆவடியை அடுத்த திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு மாணவர்களைக் கல்வெட்டுப் படிக்க அழைத்துச் சென்றிருந்தோம். சோழர் கால எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், "பணம் கட்டாதவர் பெயரையும் கல்லில் வெட்டுவார்களா ஐயா?" என்றார். கல்லூரி அறிவிப்புப் பலகையில் அவ்வாரம் கட்டணப் பாக்கிப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது.

அன்று நம்மால் விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சி.

கோயிற்சுவர் அக்காலத்தின் பொதுப்பலகை. கொடை, நில எல்லை, வரிநீக்கம் ஆகியவை அதில் ஏறின. பின்னால் வருபவர் மறுத்துவிடாதிருக்க, அவற்றை ஊரார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அன்றாடக் கணக்கும் ஆணையும் முதலில் ஓலையில் எழுதப்பட்டன. நிலைக்கவேண்டியவை மட்டுமே கல்லுக்கு வந்தன.

இப்பகுப்பை உத்திரமேரூரில் தெளிவாகக் காணலாம். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டுகளாக்கிக் குடத்திலிடுவர். முதிய நம்பி ஒருவர் எல்லோரும் காணக் குடத்தை உயர்த்துவார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கி வாசிப்பான். கூடியிருந்த நம்பிமாரும் அதனை வாசிப்பர். கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடமில்லை என்கிறது கல்வெட்டு. ஆனால் கணக்குக் காட்டாதவர் இன்னார் என்று ஒருவரையும் அது சுட்டவில்லை. விதி கல்லில் நின்றது. பெயர்கள் ஓலையோடு போயின.

அது நிலமுடைய அந்தணரின் சபை என்பதால் மக்களாட்சி என்று கொண்டாட நமக்குத் தயக்கமுண்டு. சுவர்கள் யாவும் இத்தகு பண்பு காத்தன என்றும் சொல்லமுடியாது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனின் கொலைக்குக் காரணமானவர்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆனால் அது அரசகுலத்தான் ஒருவனின் கொலை. இங்கோ ஒரு பருவக் கட்டணம்.

கட்டவேண்டிய கடைசி நாள் பலகையில் இருக்கட்டும், கட்டாதவர் பெயர் உறையிட்ட கடிதத்தில் அவரிடமே போகட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதனை எழுதும் இன்றும் அப்பட்டியல் பலகையில்தான் இருக்கிறது.