நிலவறை பியர் தயாரிப்பிட வடிகால்

நிலவறை பியர் தயாரிப்பிட வடிகால் என்பது, வீட்டின் நிலவறையில் சொந்தத் தேவைக்காகப் பியர் தயாரிக்கும் இடத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் அல்லது வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் கொண்டு சேர்க்கும் குழாய்த் தொகுதி ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டில் பியர் தயாரிக்கும் பலர் இதற்கு நிலவறையைப் பயன்படுத்துகின்றனர். மேல் தளங்களில் உள்ள கழுவுதொட்டிகளின் நீர் புவியீர்ப்பினாலேயே வடிந்துவிடும். நிலவறையின் தரையோ பல வீடுகளில் சாக்கடைக் குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். இதனால் அங்கு சேரும் நீரைப் பம்பு மூலம் மேலே ஏற்றியே வெளியேற்ற வேண்டியுள்ளது. ஏற்றிய நீர் திரும்பி வராமலும், சாக்கடை வளிமம் வீட்டுக்குள் புகாமலும், கொதிநீரால் குழாய் சிதையாமலும் காப்பது இவ்வடிகாலின் முக்கிய தேவைகள் ஆகும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்ட பின்னர் வீட்டில் திராட்சை மது தயாரிப்பதற்குக் கூட்டரசு இடமளித்தது. ஆனால் வீட்டில் பியர் தயாரிப்பதற்கான வரி விலக்கு நெடுங்காலம் வழங்கப்படவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று சனாதிபதி சிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் இவ்விலக்கை அளித்தது. இது 1979 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, வயதுவந்தவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கலன் (ஏறத்தாழ 380 லீட்டர்), இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கலன் வரை விற்பனைக்கல்லாத பியரை வரியின்றித் தயாரிக்கலாம். மாநிலங்கள் தத்தம் சட்டங்களைப் படிப்படியாக மாற்றின. மிசிசிப்பியும் அலபாமாவும் கடைசியாக 2013 இல் அனுமதி வழங்கின.

குளிர் மிகுந்த வட மாநிலங்களில், மண் உறையும் ஆழத்துக்குக் கீழே வீட்டின் அடித்தளம் இறக்கப்படுவதால் நிலவறை அமைப்பது வழக்கமாயிற்று. நிலத்தால் சூழப்பட்டிருப்பதால் அங்கு வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. சீரான வெப்பநிலையை வேண்டும் நொதித்தலுக்கு இது ஏற்றது. எனினும் நீர் வடிவதற்கு வீட்டிலேயே மிகவும் வசதி குறைந்த இடமும் இதுவே.

கழிவுநீரின் தன்மை

வீட்டில் ஒரு முறைக்குப் பொதுவாக 5 கலன் (19 லீட்டர்) பியர் தயாரிக்கப்படுகிறது. வடிகாலுக்குச் செல்லும் நீரின் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகமாகும். அந்நீர் மூன்று வகைப்படும்.

முதலாவது குளிர்விக்கும் நீர். கொதிக்கவைத்த மால்ட்டுச் சாற்றை ஈஸ்ட் சேர்க்கும் வெப்பநிலைக்கு விரைவாகக் கொண்டுவர, செப்புச் சுருள்குழாய் வழியே குளிர்நீர் செலுத்தப்படுகிறது. இது சாற்றுடன் கலப்பதில்லை ஆகையால் தூய நீராகவே வெளிவருகிறது. ஆனால் முதலில் வெளிவரும் நீர் கைபொறுக்க இயலாத அளவு சூடாக இருக்கும். பலர் இதனை வாளிகளில் பிடித்து, பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் பயன்படுத்துகின்றனர்.

இரண்டாவது, கலன்களைக் கழுவிய நீர். இதில் சர்க்கரை, புரதம், ஹாப் பூவின் துகள்கள், ஈஸ்ட் வண்டல் ஆகியவை அடங்கியிருக்கும். மூன்றாவது, துப்புரவுக் கரைசல்கள். சோடியம் பெர்கார்பனேட்டு, எரிசோடா போன்ற காரப் பொருட்களும் பாசுபாரிக் அமிலம், பெர் அசிட்டிக் அமிலம் போன்ற அமிலங்களும் இவற்றில் உள்ளன.

வடிகுழாயின் அமைப்பு

கழுவுதொட்டியிலிருந்து செல்லும் கிடைக்குழாய் சீரான சரிவுடன் அமைய வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டுக் குழாய்ப்பணி விதித்தொகுப்பின்படி, 2½ அங்குலமும் அதற்குக் குறைந்த விட்டமும் உள்ள குழாய் ஓர் அடி நீளத்துக்குக் குறைந்தது கால் அங்குலம் தாழ வேண்டும். இது ஏறத்தாழ 2 விழுக்காடு சரிவாகும். 3 முதல் 6 அங்குல விட்டமுள்ள குழாய்க்கு அடிக்கு அரைக்கால் அங்குலம் போதும். சரிவு குறைந்தால் ஈஸ்ட் வண்டலும் ஹாப் துகள்களும் குழாயின் அடியில் படிந்து அடைப்பை ஏற்படுத்தும்.

தொட்டிக்கு அடியில் நீர்த்தடை வளைவு பொருத்தப்படுகிறது. வளைந்த இக்குழாயில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே சாக்கடை வளிமத்தைத் தடுக்கிறது. 1775 இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இலண்டனில் காப்புரிமை பெற்ற கழிப்பறை அமைப்பில் இத்தகைய வளைவு இடம்பெற்றது. இன்றைய விதிகளின்படி, இதில் தேங்கும் நீரின் ஆழம் 2 முதல் 4 அங்குலம் வரை இருக்க வேண்டும். சாக்கடை வளிமத்தில் நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் சல்பைடும், தீப்பற்றக்கூடிய மெத்தேனும் கலந்திருக்கலாம். அடுப்பு எரியும் மூடிய நிலவறையில் இவை சேர்வது ஆபத்தானது. மாதம் ஒரு முறை மட்டுமே பியர் தயாரிக்கும் வீடுகளில் தரை வடிகாலின் வளைவில் உள்ள நீர் ஆவியாகி வற்றிவிடக்கூடும். அவ்வப்போது சிறிது நீர் ஊற்றுவது இதற்கு எளிய தீர்வு ஆகும்.

பெரிய கலன் ஒன்றை ஒரே முறையில் கவிழ்க்கும்போது, குழாய் முழுவதும் நிரம்பி ஓடும் நீர் தனக்குப் பின்னே வெற்றிடத்தை உண்டாக்கி, வளைவில் உள்ள நீரையும் உறிஞ்சிச் சென்றுவிடும். இதைத் தவிர்க்க, வளைவை அடுத்துக் காற்றுக்குழாய் ஒன்று இணைக்கப்பட்டுக் கூரைக்கு மேலே கொண்டுசெல்லப்படுகிறது. அது இயலாத இடங்களில், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வைப் பயன்படுத்தப் பல ஊர்களின் விதிகள் இடமளிக்கின்றன.

நீரேற்றும் தொட்டி

சாக்கடைக் குழாய் நிலவறைத் தரைக்கு மேலே சுவர் வழியாக வெளியேறும் வீடுகளில், கழிவுநீர் முதலில் ஒரு மூடிய தொட்டியில் சேர்க்கப்படுகிறது. நீர்மட்டம் குறிப்பிட்ட உயரத்தை எட்டியதும் மிதவை ஆளி பம்பை இயக்குகிறது. பம்பு நீரை மேலேற்றிச் சாக்கடைக் குழாயில் விடுகிறது. கழுவுதொட்டிக்கு மட்டும் எனில் அதன் அடியிலேயே பொருத்தத்தக்க சிறு தொட்டிகள் கிடைக்கின்றன. தரைக்குள் புதைக்கும் தொட்டிக்கு மேற்கூறிய விதித்தொகுப்பு குறைந்தது 18 அங்குல விட்டமும் 24 அங்குல ஆழமும் குறிப்பிடுகிறது.

இத்தொட்டியின் மூடி வளிமம் கசியாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். தொட்டிக்கும் தனியே காற்றுக்குழாய் வேண்டும். நீர் உள்ளே புகும்போது காற்று வெளியேறவும், நீர் ஏற்றப்படும்போது காற்று உட்புகவும் இது தேவை. காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு முதற்செயலுக்கு உதவாது ஆகையால், அதனைத் தொட்டியின் காற்றுக்குழாய்க்கு மாற்றாகப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பம்பிலிருந்து மேலே செல்லும் குழாயில் ஒருவழி வால்வும், அதற்கு மேலே கையால் மூடத்தக்க வால்வும் பொருத்தப்படுகின்றன. முதலாவது இல்லையெனில், பம்பு நின்றவுடன் குழாயில் உள்ள நீர் மீண்டும் தொட்டிக்குள் விழும். பம்பு அதே நீரை ஓயாமல் ஏற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது இருந்தால், பழுது பார்க்கும்போது குழாயில் நிற்கும் நீர் தரையில் கொட்டாது.

மின்சாரம் தடைப்பட்டால் பம்பு இயங்காது. அந்நிலையில் தொட்டி நிரம்பும் அளவுக்கு மேல் நீர் விட்டால் அது நிலவறையிலேயே பெருகும்.

நிலத்தடி நீர்க்குழியுடன் குழப்பம்

பல நிலவறைகளில் அடித்தளத்தைச் சுற்றி ஊறும் நிலத்தடி நீரைச் சேகரிக்க ஒரு குழியும் பம்பும் முன்னரே இருக்கும். பியர் தயாரிப்பிடத்தின் கழிவுநீரை அக்குழியில் விடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அப்பம்பு நீரை வீட்டுத் தோட்டத்துக்கோ மழைநீர் வடிகாலுக்கோ அனுப்புவது. அதில் விடப்படும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் துப்புரவுக் கரைசலும் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளைச் சென்றடையும். மூடப்படாத குழியில் அழுகல் நாற்றமும் எழும். எனவே இது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய வீடுகளில் தரை வடிகால் எங்கே செல்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிவதில்லை. சாய நீரை ஊற்றி அது எங்கே வெளிப்படுகிறது என்று பார்ப்பது இதனை அறியும் வழக்கமான முறை ஆகும்.

பின்னோட்டம்

பெருமழையின்போது தெருச் சாக்கடை நிரம்பினால், நீர் வீட்டுக் குழாய் வழியே பின்னோக்கி வந்து மிகத் தாழ்வான திறப்பில் வெளிப்படும். பெரும்பாலும் அது நிலவறைத் தரை வடிகாலாகவே இருக்கும். 2013 யூலை 8 அன்று டொராண்டோ பியர்சன் வானூர்தி நிலையத்தில் 126 மி.மீ. மழை பதிவானது. அன்று நகரின் நிலவறைகள் பல நீரில் மூழ்கின.

இதற்குக் காப்பாகப் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்தப்படுகிறது. புவியீர்ப்பால் வடியும் நிலவறை வடிகால்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது. மேல் தளங்களின் கழிவுநீரும் இவ்வால்வு வழியே செல்லுமாறு அமைப்பது பிழை. வால்வு மூடியிருக்கும் வேளையில் மேல் தளத்தில் எவரேனும் குளித்தால், அந்நீர் வெளியேற வழியின்றி அவ்வீட்டு நிலவறையிலேயே கொட்டும்.

குழாய்ப் பொருளும் வெப்பமும்

வீட்டு வடிகால்களில் பரவலாகப் பயன்படும் பிவிசி குழாய் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வரையே ஏற்றது. அதற்கு மேல் அது இளகித் தொய்ந்து, சரிவை இழந்து, இணைப்புகளில் கசியத் தொடங்கும். மால்ட்டை ஊறவைக்கும் நீரே 65 பாகைக்கு மேற்பட்டது. சாறோ 100 பாகையில் கொதிக்கிறது. எனவேதான் 60 பாகைக்கு மேற்பட்ட நீரை வடிகாலில் நேரடியாக விடுவதை விதிகள் தடை செய்கின்றன. குளோரினேற்றிய பிவிசி 80 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்கும். வார்ப்பிரும்பு அதனினும் உறுதியானது. ஆயினும் குழாயை மட்டும் மாற்றுவது போதாது. பம்பின் நீர்க்காப்பு வளையங்களும் ஒருவழி வால்வின் இரப்பர்ப் பகுதிகளும் வெப்பத்தால் கெடும். சூடான நீரை ஆறவிட்டு அல்லது குளிர்நீருடன் கலந்து விடுவதே பாதுகாப்பான முறை.

திண்மக் கழிவும் வேதிப்பொருட்களும்

பயன்படுத்திய மால்ட்டுத் தானியத்தை வடிகாலில் விடக்கூடாது. அதனை மட்கு உரமாகவோ கால்நடைத் தீவனமாகவோ பயன்படுத்தலாம். ஹாப் கசடைச் சல்லடையால் வடித்து எடுத்துவிட வேண்டும். பயன்படுத்திய ஹாப் நாய்களுக்கு நஞ்சாவதால், அதனைத் திறந்த உரக்குழியில் இடுவதிலும் கவனம் தேவை. பொதுச் சாக்கடை இல்லாத வீடுகளில் ஈஸ்ட் வண்டலைப் பெருமளவில் கழிவுநீர்த் தொட்டியில் சேர்ப்பது அதன் கரிமச் சுமையைக் கூட்டும்.

அமிலக் கரைசலையும் குளோரின் வெளுப்பானையும் அடுத்தடுத்துத் தொட்டியில் ஊற்றுவது மிகவும் ஆபத்தானது. இரண்டும் கலக்கும்போது நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் உண்டாகிறது. இது காற்றைவிடக் கனமானது ஆகையால் நிலவறையிலேயே தங்கும். ஒவ்வொரு கரைசலுக்கும் பிறகு போதிய தூயநீர் விட்டு, பம்பை ஒரு முறையேனும் இயங்கச் செய்த பின்னரே அடுத்ததை விட வேண்டும்.

அனுமதி

ஐக்கிய அமெரிக்காவில் குழாய்ப்பணிக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இல்லை. பன்னாட்டுக் குழாய்ப்பணி விதித்தொகுப்பு, ஒருசீர் குழாய்ப்பணி விதித்தொகுப்பு ஆகிய இரண்டும் முதன்மையானவை. சில மாநிலங்கள் தமக்கென விதிகளை வகுத்துள்ளன. புதிய வடிகால் இணைப்புக்குப் பொதுவாக உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும். குழாய்கள் சுவராலும் தரையாலும் மூடப்படும் முன்னரே ஆய்வாளர் அவற்றைச் சோதிக்கிறார். நிலவறையின் கற்காரைத் தரையை உடைத்துப் பதித்த குழாயில் பின்னர் பிழை தெரியவந்தால், தரையை மீண்டும் உடைக்காமல் அதனைத் திருத்த இயலாது.