66 கோல்களும் ஒரு பொதுப்பெயரும்

1927-28 ஆட்டப் பருவத்தில் பிரித்தானியத் தீவில் இரு முன்கள வீரர்கள், பின்னர் எவராலும் தாண்ட முடியாத இரு எண்களை எட்டினார்கள். இங்கிலாந்தின் முதற்பிரிவில் எவர்டன் கழகத்தின் டிக்ஸி டீன் 39 ஆட்டங்களில் 60 கோல்கள் அடித்தார். ஸ்காட்லாந்தின் இரண்டாம் பிரிவில் ஏர் யுனைடெட் கழகத்தின் ஜிம்மி ஸ்மித் 38 ஆட்டங்களில் 66 கோல்கள் அடித்தார். டீனுக்கு 2001இல் எவர்டனின் குடிசன் பார்க் அரங்கிற்கு வெளியே சிலை எழுந்தது. ஸ்மித்தின் பெயரோ சாதனைப் பட்டியலின் ஒரு வரியாக எஞ்சியது. ஆறு கோல்கள் கூடுதலாக அடித்தவர் ஏன் மறக்கப்பட்டார் என்னும் கேள்வி, விளையாட்டைக் கடந்து வரலாற்றெழுத்தைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது.

ஸ்மித் 1902இல் க்ளைட் ஆற்றங்கரையில் உள்ள ஓல்ட் கில்பாட்ரிக்கில் பிறந்தவர். க்ளைட்பேங்க், ரேஞ்சர்ஸ் ஆகிய கழகங்களில் இருந்துவிட்டு 1927இல் ஏர் நகருக்கு வந்தார். இலக்கிய வாசகர்களுக்கு ஏர் புதிய பெயரன்று. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759இல் பிறந்த அலோவே அதன் அருகில்தான் உள்ளது. அந்நகரின் கால்பந்துக் கழகத்திற்கு வழங்கும் 'நேர்மையான மனிதர்கள்' என்னும் செல்லப்பெயரும் பர்ன்ஸின் 'டாம் ஓ ஷாண்டர்' கவிதையிலிருந்து வந்ததே. கவிஞனின் சொல்லைப் பட்டப்பெயராகச் சுமந்து ஆடும் கழகங்கள் உலகில் மிகச் சிலவே இருக்கக்கூடும்.

அக்காலத்தில் இவ்வளவு கோல்கள் குவிந்தமைக்குக் காரணம் ஒரு விதிமாற்றம். 1925 வரை, பந்து முன்னோக்கி அனுப்பப்படும் கணத்தில் தாக்கும் வீரருக்கும் கோல்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும், இல்லையேல் ஆஃப்சைடு. தடுப்பு வீரர்களில் ஒருவர் துணிந்து முன்னேறி எதிரியைப் பொறியில் சிக்கவைக்க, மற்றவர் பின்னே காவலாக நிற்கலாம். இதனால் ஆட்டங்கள் நடுக்களத்திலேயே நெரிபட்டுக் கிடந்தன. ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் முன்மொழிவின்பேரில் 1925இல் மூவர் இருவராகக் குறைக்கப்பட்டனர். விளைவு உடனே தெரிந்தது: இங்கிலாந்தின் லீக் பிரிவுகளில் 1924-25இல் 4,700 ஆக இருந்த கோல்கள் மறு பருவத்தில் 6,373 ஆயின. நடுவில் நிற்கும் பாதிவீரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கும் உத்தி எங்கும் பரவுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் திறந்திருந்த வாசல் வழியாகத்தான் டீனும் ஸ்மித்தும் நுழைந்தார்கள்.

ஆனால் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தது. 66ஐ எட்டியவர் ஒருவரே. அப்பருவத்தில் ஏர் யுனைடெட் அடித்த கோல்களில் பாதிக்கும் மேல் ஸ்மித்துடையவை. கழகம் பிரிவின் முதலிடத்தைப் பிடித்து மேற்பிரிவுக்கு உயர்ந்தது. ஸ்காட்லாந்தின் முதற்பிரிவில் ஒரு பருவத்தின் உச்சமாக நிற்பது, 1931-32இல் மதர்வெல் கழகத்தின் வில்லியம் மெக்ஃபேடியன் அடித்த 52 கோல்கள். தடுப்பாளர்களின் தரம் கீழ்ப்பிரிவில் குறைவு என்பது உண்மை. அதே தடுப்பாளர்களுக்கு எதிராக ஆடிய மற்ற முன்கள வீரர்கள் எவரும் அந்த எண்ணை நெருங்கவில்லை என்பதும் உண்மை.

அவ்வாண்டு மார்ச் 31 அன்று ஸ்காட்லாந்து அணி வெம்ப்ளியில் இங்கிலாந்தை 5-1 என வென்றது. 'வெம்ப்ளி மாயாவிகள்' என்று இன்றும் கொண்டாடப்படும் அணி அது. தோற்ற அணியின் நடு முன்கள வீரர் டிக்ஸி டீன். வென்ற அணியின் பதினொருவரில் எண்மர் இங்கிலாந்து லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு கோல்கள் அடித்த அலெக்ஸ் ஜேம்ஸ் ஆடிய பிரஸ்டன் கழகமோ அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் இருந்தது. ஆக, இரண்டாம் பிரிவு என்பது தன்னளவில் தடையாக இருக்கவில்லை. எந்த நாட்டின் இரண்டாம் பிரிவு என்பதே முக்கியமாயிற்று. நடு முன்கள இடத்தில் ஹியூகி கல்லஹர் நின்றார். செல்டிக் கழகத்தின் ஜிம்மி மெக்ரோரிக்கே அன்று இடமில்லை எனில், ஏர் நகரின் ஸ்மித்துக்கு எங்கே இடம்? தன் நாட்டுக்காக அவர் ஒரு முறையும் ஆடவில்லை.

1929இல் லிவர்பூல் கழகம் அவரை வாங்கியது. கீழ்ப்பிரிவின் புகழ் மேற்பிரிவில் செல்லாது என்று எண்ணியோருக்கு விடையாக, இங்கிலாந்தின் முதற்பிரிவில் தம் முதல் பருவத்திலேயே 23 கோல்கள் அடித்து, கழகத்தில் அதிக கோல் அடித்தவராக நின்றார். லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கும் எவர்டனின் குடிசன் பார்க்குக்கும் இடையே இருப்பது ஒரு பூங்கா மட்டுமே. ஒரே பருவத்தில் எண்களால் அண்டையராக இருந்த இருவரும் இப்போது ஒரே நகரில் அண்டையராயினர். அந்த 1929-30 பருவத்தின் முடிவில் எவர்டன் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 1930-31இல் ஸ்மித்தின் கழகம் முதற்பிரிவில் ஆட, டீன் இரண்டாம் பிரிவில் ஆடி 39 கோல்கள் அடித்தார். அவற்றைக் கீழ்ப்பிரிவுக் கோல்கள் என்று டீனின் கணக்கிலிருந்து கழித்துப் பேசுவோர் இல்லை. மேலே இருந்து இறங்கி வந்தவருக்கும் கீழிருந்து ஏறி வந்தவருக்கும் வரலாறு வெவ்வேறு அளவுகோல்களை வைத்திருக்கிறது.

மறதிக்கு இன்னொரு காரணம் பெயர். ஒளவையார் எத்தனை பேர் என்று தமிழாய்வாளர் வாதிடுவது நமக்குப் பழக்கம். ஸ்காட்லாந்துக் கால்பந்திலும் அத்தகைய மயக்கம் உண்டு. 1928இல் மற்றொரு ஜிம்மி ஸ்மித் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்து, அதன் மாபெரும் கோல் வேட்டையர்களுள் ஒருவராகி, நாட்டின் அணியிலும் ஆடினார். ரேஞ்சர்ஸ், நடு முன்களம், ஜிம்மி ஸ்மித் என்றால் எவருக்கும் நினைவில் எழுபவர் அவரே. நம் ஸ்மித்தும் ரேஞ்சர்ஸில் இருந்தவர் என்பதால் மயக்கம் இரட்டிப்பாகிறது. பெருங்கழகத்தின் நிழல், பொதுப்பெயர் தாங்கிய சிறுகழக வீரரை விழுங்கிவிட்டது.

லிவர்பூலுக்குப் பின் அவர் சிறு கழகங்கள் சிலவற்றில் ஆடி ஓய்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்து போனது. ஸ்காட்லாந்தின் லீக் பிரிவுகள் பலமுறை கலைத்து அடுக்கப்பட்டன. ஆட்டத்தின் வேகமும் உத்தியும் உருமாறின. பிரித்தானிய லீக் கால்பந்தில் ஒரு பருவத்தில் 66 லீக் கோல்களை இதுவரை வேறு எவரும் அடிக்கவில்லை.