பக்கத்து ஊர் மூழ்கியபோது

இன்னைக்கு ஒரு தீவு நகரத்தோட கதை: அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் இருக்கிற கால்வெஸ்டன்.

1900, செப்டம்பர் 8. அன்னைக்கு அடிச்ச சூறாவளியில் கடல் சுமார் 15 அடி எழும்பி ஊருக்குள்ள வந்துச்சு. ஊரோட ரொம்ப உயரமான இடமே 9 அடிதான். குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்த இயற்கைப் பேரிடர் இல்லை.

யாரும் எதிர்பார்க்காததா இது? இல்லைங்க. அதே கடற்கரையில் இண்டியனோலா என்ற துறைமுக நகரம் இருந்தது. 1875-ல் ஒரு புயல், 1886-ல் இன்னொன்று. அதோட மக்கள் ஊரையே கைவிட்டுட்டாங்க. அதைப் பார்த்துக் கால்வெஸ்டன்ல கடல் சுவர் கட்டணும்னு பேச்சு எழுந்துச்சு. ஆனா சுவர் எழலை. 1891-ல் அந்த ஊர் வானிலை அதிகாரி ஐசக் க்ளைன், புயலால் ஊருக்குப் பெரிய ஆபத்து வரும் என்பது வெறும் பிரமை என்று பத்திரிகையில் எழுதினார். 1900 புயலில் அவருடைய கர்ப்பிணி மனைவியே இறந்துபோனார்.

அப்புறம்தான் வேலை நடந்தது. 17 அடி உயரத்தில் சுவர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வச்சுத் தூக்கி, அடியில் மணலை நிரப்பி, ஊரையே உயர்த்தினாங்க. 1915-ல் மறுபடியும் பெரும்புயல். சுவர் தாங்குச்சு. சுவருக்கு வெளியே இருந்த வீடுகள்ல பெரும்பாலானவை போயிடுச்சு; உள்ளே ஊர் பிழைச்சது.

1886-லேயே கட்டியிருந்தா செலவு வெறும் பணம்தான். அடுத்த முறை பக்கத்து ஊர்ல வெள்ளம்னு செய்தி வந்தா, கால்வெஸ்டன் சும்மா விட்ட அந்த 14 வருஷத்தை நினைச்சுப் பாருங்க.